நெல்லைச் சரக்கு கப்பல் ஏறும் முன்: டிரேட்மார்க்கா, புவிசார் குறியீடா, மாட்ரிடா? முதல் பணம் எதற்கு?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து சிறு வியாபாரிகளுக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிறவனிடம் இப்போதெல்லாம் வரிக் கேள்வியைவிட இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருத்தர் கருப்பட்டி கேட்கிறார், அப்பளம் கேட்கிறார், கையில் ஒரு லட்சம் ஒதுக்க முடியும், "அண்ணாச்சி, எதைப் பதியணும்?" என்கிறார்கள். சிலர் காப்புரிமை என்பார்கள், சிலர் ஊரோடு சேர்ந்து பெயர் பெற்ற சரக்குக்குக் கிடைக்கிற புவிசார் குறியீடு வாங்கித் தாருங்கள் என்பார்கள், யூடியூபில் பார்த்துவிட்டு வந்தவர் ஒரே மனுவில் பல நாட்டில் டிரேட்மார்க் கேட்கிற மாட்ரிட் என்று ஆரம்பிப்பார். எல்லாம் வேறு வேறு சாமான். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது, ஆனால் பணம் ஒரு லட்சம்தான் என்றால் வரிசை முக்கியம்.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மட்டும் சொந்தமான பெயருக்கு இந்தியாவில் டிரேட்மார்க் மனு, அப்புறம் ஆறு மாதத்துக்குள் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டில் உங்கள் பெயரிலேயே மனு. புவிசார் குறியீடு இருக்கிற சரக்கென்றால் அதையும் கூடவே எடுத்துக்கொள்ளலாம், செலவு பெரிதில்லை. காப்புரிமை பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம்.

புவிசார் குறியீட்டில் இருந்தே தொடங்குவோம், ஏனென்றால் நம்ம பக்கம் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லும், உடன்குடி கருப்பட்டிக்கும் வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கும் 2023லும் கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கு அதற்கும் முன்பே இருக்கிறது. பேப்பரில் செய்தி வந்த அன்றைக்கு எல்லோருக்கும் பெருமைதான், ஆனால் அந்தப் பதிவு எந்தக் கடைக்காரர் பெயரிலும் இருக்காது, தயாரிப்பாளர் சங்கம் மாதிரியான ஓர் அமைப்பின் பெயரில்தான் இருக்கும். நீங்கள் உடன்குடியிலேயே மூன்று தலைமுறையாகப் பதநீர் காய்ச்சுகிறவராக இருந்தாலும், அந்தக் குறியீட்டைச் சட்டப்படி உங்கள் பாக்கெட்டில் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, டிரேட்மார்க் அலுவலகமும் அதே வளாகம்தான். பலர் இதைச் செய்வதே இல்லை.

செய்தால் என்ன கிடைக்கும்? சீனியைக் கலந்து கருப்பட்டி என்று விற்கிறவனிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும். அது சின்ன விஷயம் இல்லை, இன்றைக்குக் கருப்பட்டி வியாபாரத்தில் உள்ள தலைவலியே அதுதான். ஆனால் சங்கம் கண்காணித்தால்தான் அந்தப் பிரிப்புக்கு மதிப்பு, சும்மா இருந்தால் அது ஒரு ஸ்டிக்கர். இன்னொன்று, பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து அது உங்களைப் பிரிக்காது, அவரும் அதே ஊர், அதே தகுதி. அதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வேறொருவருக்கு உரிமம் கொடுக்க முடியாது, புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24வது பிரிவே இதைத் தடுக்கிறது. அப்புறம் நம்ம ஆட்கள் கவனிக்காத ஒன்று: இந்தியப் பதிவு இந்திய எல்லையோடு நின்றுவிடும். இந்தியாவில் முதன்முதலில் இந்தக் குறியீடு பெற்ற டார்ஜிலிங் தேயிலைகூட ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாக மனுப் போட்டு 2011இல்தான் பாதுகாப்பு வாங்கியது. அவர்களுக்குப் பின்னால் தேயிலை வாரியம் இருந்தது. கடலை மிட்டாய்க்குப் பின்னால் யார் சிங்கப்பூர் போய் மனுப் போடுவது?

ராமநாதபுரத்தில் இருந்தோ சேலத்தில் இருந்தோ சரக்கு வாங்கி "உடன்குடி" என்று அச்சடித்து ஏற்றுகிறவர்களும் உண்டு. அது சிறைத் தண்டனை வரை போகிற குற்றம். அந்த ஐடியாவை அப்படியே விட்டுவிடுங்கள்.

சரி, டிரேட்மார்க். இது ஒன்றுதான் முழுக்க முழுக்க உங்களுக்குச் சொந்தம். ஆன்லைனில் மனுப் போட்டால் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (சரக்குகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஓர் எண்) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தனி உரிமையாளராக இருந்தால் கேள்வியே இல்லை, 4,500தான். பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோ என்றால் சிறு தொழில் என்று அரசு தருகிற உதயம் சான்றிதழைக் கூடவே வைத்தால்தான் அந்தச் சலுகை, இல்லாமல் போனால் இரட்டிப்புக் கட்டணம், இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். அல்வா, கருப்பட்டி, அப்பளம், கடலை மிட்டாய் எல்லாம் 30ஆம் வகுப்பில் வரும், ஊறுகாய் 29, பாய் 27, பாத்திரம் 21, பீடி 34. பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், பத்துப் பத்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. "நெல்லை ஸ்பெஷல் அல்வா", "சுத்தமான பனங்கருப்பட்டி" மாதிரி சரக்கையும் ஊரையும் மட்டும் சொல்கிற பெயரை டிரேட்மார்க் சட்டத்தின் 9வது பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நியாயமும் அதுதான், நெல்லை என்ற சொல்லை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் எங்கே போவது. சாமி பெயர் இன்னொரு பிரச்சினை. நம்ம ஊரில் நெல்லையப்பர், காந்திமதி, முருகன், இசக்கியம்மன் பெயரில் எத்தனை கடை என்று எண்ணி முடியாது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாமி பெயரை வைக்காதீர்கள் என்று சொல்ல நான் யார், ஆனால் அதோடு வேறொரு சொல்லைச் சேர்த்து, அந்தச் சேர்க்கையைப் பதியுங்கள். சரக்கோடு சம்பந்தமே இல்லாத சொல்தான் சட்டத்தில் பலமான பெயர். விளம்பரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியும், வழக்கு என்று வந்தால் அது மிச்சமாகும்.

ஒலி ஒற்றுமையையும் பார்க்க வேண்டும். "அமிர்ததாரா" என்ற மருந்துக்கு எதிரே "லட்சுமண்தாரா" என்று ஒருவர் பதியப் போனபோது, சாதாரண அறிவுள்ள, அரைகுறை ஞாபகத்தில் கேட்டு வாங்குகிற ஆளுக்கு இரண்டும் குழம்பும் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்றைக்கும் அதுதான் அளவுகோல். ஆகவே பதிவகத்தின் இணையதளத்தில் தேடும்போது எழுத்தை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சந்தோஷப்படாமல், ஒலிப்பை வைத்துத் தேடுகிற வசதியிலும் தேடுங்கள். தேடக் காசு கிடையாது.

சொல்லைப் பதிவதா, லேபிளைப் பதிவதா? முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் ஒரு பீடிக் கட்டை எடுத்துப் பாருங்கள். ஓர் எண், ஒரு முகம், ஓரத்தில் ஒரு நிறக் கோடு. வாங்குகிறவர் பெயரைப் படிப்பதில்லை, கண் பழகியதைக் கேட்டு வாங்குகிறார். அந்த மாதிரிச் சரக்குக்கு லேபிள் பதிவு அவசியம். ஆனால் வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்வது முதலில் வெறும் சொல், கறுப்பு எழுத்தில், படம் நிறம் எதுவும் இல்லாமல். நாளைக்கு டிசைனர் லோகோவை மாற்றினாலும் சொல் மாறாது. லோகோவை மட்டும் பதிந்துவிட்டு அடுத்த வருடம் அதையே மாற்றினால், பதிந்தது ஒன்று பாக்கெட்டில் இருப்பது ஒன்று என்றாகிவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் பதிந்த குறியைப் பயன்படுத்தவில்லை என்று யாராவது நிரூபித்தால் பதிவையே ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மனுவில் "எப்போதிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் "இனிமேல் பயன்படுத்த உள்ளது" என்று டிக் அடித்துவிட்டுப் போகிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை மிச்சம். அப்பா காலத்தில் இருந்து ஓடுகிற கடை என்றால் அந்தப் பழைய தேதிதான் உங்கள் சொத்து, ஏனென்றால் 34வது பிரிவு உங்களுக்கு முன்னால் பதிந்தவனைவிட முன்னால் பயன்படுத்தியவனுக்கு இடம் தருகிறது. ஆனால் தேதியை எழுதினால் போதாது, அபிடவிட்டோடு ஆதாரமும் வேண்டும். பழைய வாட் பில், கல்யாண ஆர்டர் ரசீது, கடை பெயர் அச்சடித்துக் கொடுத்த தினசரிக் காலண்டர் அட்டை. அந்தக் காலண்டர் அட்டையை ஆணியில் இருந்து கழற்றிக் குப்பையில் போடாதீர்கள், அதில் வருடம் அச்சாகியிருக்கும்.

யார் பெயரில் போடுவது என்பது இன்னும் பெரிய விஷயம். நம்ம பக்கத்துக் கடைகள் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துவது, மனுவை மூத்தவர் பெயரில் போட்டுவிடுவார்கள், சண்டை இல்லாத வரை ஒன்றும் இல்லை. பாகம் பிரிகிற நாளில் நிலத்துக்குப் பத்திரம் இருக்கும், கடைக்கு வாடகைச் சீட்டு இருக்கும், பெயருக்கு மட்டும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒரே பெயரோடு "ஒரிஜினல்", "பழைய" என்று ஒட்டு போட்ட இரண்டு பலகைகள் அடுத்தடுத்துத் தொங்குவது இப்படித்தான். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் டிரேட்மார்க் யாருக்கு, பிரிந்தால் யார் எடுத்துக்கொள்வது, எடுத்துக்கொள்கிறவர் மற்றவருக்கு என்ன கொடுப்பது என்று ஒரு பாரா எழுதிவிடுங்கள். முகம் கோணும், கோணட்டும்.

இனி கடல் தாண்டி. இந்திய டிரேட்மார்க்கும் இந்தியாவோடு சரி. ஆனால் அதற்கு ஒரு கூடுதல் பலன் இருக்கிறது: டிரேட்மார்க், காப்புரிமை பற்றி நாடுகள் சேர்ந்து போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1998 டிசம்பரில் சேர்ந்ததால், இங்கே மனுப் போட்ட தேதியில் இருந்து ஆறு மாதத்துக்குள் வேறு உறுப்பு நாட்டில் மனுப் போட்டால் அங்கேயும் இந்தியத் தேதியையே உங்கள் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். 4,500 ரூபாயில் சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சீனா எல்லாவற்றிலும் ஆறு மாதம் இடம் பிடித்து வைத்த மாதிரி. ஆர்டர் உறுதியாகுமா, இல்லை வெறும் பேச்சா என்று பார்க்க இந்த ஆறு மாதம் போதும். ஏழாவது மாதம் வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நேரடி மனுவா, மாட்ரிட் வழியா? மாட்ரிட் ஏற்பாட்டில் இந்தியா 2013 ஜூலையில் சேர்ந்தது, சிங்கப்பூர் அதற்கு வெகு முன்பே, மலேசியா 2019 இறுதியில், அமீரகம் 2021 இறுதியில். இந்தியப் பதிவகம் வழியாக ஒரே மனு, ஒரே மொழி, எத்தனை நாடு வேண்டுமோ டிக் அடித்துக்கொள்ளலாம், பத்து வருடம் கழித்துப் புதுப்பிப்பதும் ஒரே இடத்தில். கேட்க அழகாக இருக்கிறது. அடிப்படைக் கட்டணமே கறுப்பு வெள்ளைக் குறிக்கு 653 சுவிஸ் பிராங்க், நிறத்தோடு என்றால் 903. பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டி விற்கிற நிலையில் அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல் அதற்கே போய்விடும், இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம், நம்ம பதிவகத்துக்கு 5,000 கையாளும் கட்டணம். ஆகவே ஒரு நாடு, இரண்டு நாடு என்றால் நேரடி மனுதான் சரிப்பட்டு வரும். நாலைந்து நாடு என்று போனால்தான் மாட்ரிட் லாபம், முக்கியமாக ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் ஏஜென்ட் வைக்கிற செலவு மிச்சமாவதால். அங்கே ஆட்சேபம் வந்துவிட்டால் எப்படியும் ஏஜென்ட் வைக்கத்தான் வேண்டும்.

பணத்தைவிட எனக்கு மாட்ரிடில் உறுத்துவது வேறு. முதல் ஐந்து வருடம் அது இந்திய மனுவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே மனு தள்ளுபடியானால் அங்கே எல்லா நாட்டிலும் சேர்ந்து விழும். விழுந்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் நேரடி மனுவாக மாற்றிக்கொள்ளலாம்தான், அதற்குத் தனிச் செலவு. இங்கே பதிவகம் வெளியிடுகிற டிரேட்மார்க் ஜர்னலில் உங்கள் மனு வெளியான பிறகு நாலு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு கொடுக்கலாம், நல்ல பெயர் என்றால் கொடுக்கத்தான் செய்வார்கள். "நெல்லை" என்று தொடங்குகிற பலவீனமான பெயரை வைத்து மாட்ரிட் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, இந்தியாவில் பதிந்த குறி எப்படியோ அப்படியே, ஒரு புள்ளி மாறாமல்தான் வெளிநாட்டுக்கும் போகும். தமிழ் எழுத்தில் வளைத்து வளைத்து எழுதிய லோகோவைப் பதிந்திருந்தால் அதுதான் ஷாங்காய்க்கும் போகும், அங்கே படிக்க ஆள் கிடையாது.

இதையெல்லாம்விட அவசரமானது இறக்குமதி செய்கிறவரோடு போடுகிற ஒப்பந்தம். சாம்பிள் கேட்டு, விலை பேசி, அப்புறம் ஒரு பத்துப் பக்கம் அனுப்புவார்கள். ஏழாவது எட்டாவது பக்கத்தில், அந்த நாட்டில் பிராண்டைப் பதிவது விநியோகஸ்தர் பொறுப்பு, செலவும் அவருடையது என்று அன்பாக ஒரு வரி இருக்கும். செலவு மிச்சம் என்று கையெழுத்துப் போடுகிறவர்களைத்தான் பார்க்கிறேன். அவர் தன் பெயரில் பதிவார், இரண்டு வருடம் கழித்து விலையில் பிணக்கு வந்தால் அல்லது நீங்கள் வேறு ஆள் பார்த்தால், உங்கள் சரக்கை உங்கள் பெயரிலேயே அந்தத் துறைமுகத்தில் இறக்க முடியாது. ஏஜென்ட் அனுமதியில்லாமல் முதலாளி பெயரைப் பதிந்தால் எதிர்க்கலாம் என்று பாரிஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் இங்கே நீங்களே கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்துவிட்டீர்களே. அந்த வரியை அடித்துவிட்டு, "பதிவு தயாரிப்பாளர் பெயரில், விநியோகஸ்தருக்கு ஒப்பந்தக் காலம் வரை பயன்படுத்த மட்டும் அனுமதி" என்று மாற்றச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் மறுக்க மாட்டார்.

சிங்கப்பூர், மலேசியாவில் நம்ம ஊர் மாதிரியே பயன்படுத்தியவனுக்கும் ஓரளவு உரிமை உண்டு, அங்கே புழக்கமும் நல்ல பெயரும் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் பதிவில்லாமலும் வழக்காடலாம். சீனா, ஜப்பான், கொரியா, இந்தோனேசியா, வியட்நாம் எல்லாம் முதலில் மனுப் போட்டவன் பக்கம். சீனாவுக்கு நான் எதையும் விற்கவில்லையே என்பீர்கள். அங்கே செய்ய வைத்து இங்கே கொண்டு வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: டிபன் பாக்ஸ், பிளாஸ்க், கிச்சன் சாமான் எல்லாம் சீனத் தொழிற்சாலையில் உங்கள் பெயரை அச்சடித்து வாங்குகிறீர்கள் அல்லவா, அந்தப் பெயரை அங்கே வேறொருவர் பதிந்து சுங்கத்திலும் பதிவு செய்துவிட்டால், சரக்கு சீனத் துறைமுகத்தை விட்டே கிளம்பாது. சீனச் சுங்கம் ஏற்றுமதியையும் நிறுத்தும். ஆப்பிள் நிறுவனமே ஐபேட் என்ற பெயருக்காக அங்கே ஒரு கம்பெனியோடு வழக்காடி 2012இல் ஆறு கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2019இல் சட்டத்தைத் திருத்திக் கெட்ட எண்ணத்தோடு போடுகிற மனுக்களைத் தடுக்கப் பார்க்கிறார்கள், ஆனாலும் அட்வான்ஸ் அனுப்புகிற வாரத்திலேயே அங்கே 21ஆம் வகுப்பில் மனுப் போடுவது மலிவு. சீனப் பதிவு ஹாங்காங்கில் செல்லாது, அது தனி.

காப்புரிமைக்கு வருகிறேன், சீக்கிரம் முடித்துவிடலாம். அல்வா பக்குவத்துக்கோ பாட்டி வைத்த கஷாயத்துக்கோ காப்புரிமை கிடைக்காது, பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்பில்லை என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு சொல்கிறது, அமெரிக்காவில் மஞ்சளுக்குக் கொடுத்ததைக்கூட 1997இல் நம்ம ஆட்கள் போராடி ரத்து செய்ய வைத்தார்கள். பனை ஏறும் கருவி, அப்பளம் தேய்க்கும் மெஷின் என்று உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்தவருக்கு மட்டும்தான் இது. அப்படிப்பட்டவர் கண்காட்சியில் வைப்பதற்கும் ரீல்ஸ் போடுவதற்கும் முன்னால் மனுப் போட வேண்டும், போட்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் காட்டட்டும். தனிநபருக்கு மனுக் கட்டணம் 1,600, பரிசோதனைக்கு 4,000, அதைத் தூக்கிச் சாப்பிடுவது வரைவு எழுதுகிறவரின் கூலி. சின்னச் சின்ன மேம்பாட்டுக்குச் சீனா, ஜப்பான், கொரியாவில் யூட்டிலிட்டி மாடல் என்று எளிய பதிவு உண்டு, இந்தியாவில் கிடையாது. பாட்டில், டப்பா, அச்சு இவற்றின் தோற்றம் புதிதென்றால் வடிவமைப்புப் பதிவு போதும், சிறு நிறுவனத்துக்கு 1,000 ரூபாய், பத்து வருடம், அப்புறம் ஐந்து வருடம் நீட்டிக்கலாம்.

பக்குவத்தை என்ன செய்வது என்றால், வாயைத் திறக்காமல் இருப்பதுதான். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தை வைத்துத்தான் வழக்காட வேண்டும். "வேலையை விட்டபின் ஐந்து வருடம் அல்வாக் கடை வைக்கக் கூடாது" என்று மாஸ்டரிடம் எழுதி வாங்குவது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவுப்படி செல்லாது. ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கலாம், அது செல்லும். அதைவிட உருப்படியான வழி, கலவையை வீட்டில் ஒருவரே கலந்து கொடுப்பது, அடுப்படியில் நிற்கிறவருக்கு முழு அளவும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. ருசியெல்லாம் தாமிரபரணித் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டே இருங்கள், கேட்கிறவர்கள் மாஸ்டரை விட்டுவிட்டு ஆற்றைத் தேடுவார்கள்.

ஒரு லட்சத்தை எப்படிப் பிரிப்பது? கருப்பட்டியோ அப்பளமோ, ஒரே நாடு, சிங்கப்பூர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் சொல்லுக்கு ஒரு மனு, லேபிளுக்கு ஒரு மனு, இரண்டும் 30ஆம் வகுப்பில், அரசுக் கட்டணம் 9,000, ஏஜென்ட் கூலி தனி. உடன்குடிக்காரர் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் மனு. ஐந்தாவது மாதத்துக்குள் சிங்கப்பூரில் சொல்லுக்கு மட்டும் நேரடி மனு, சரக்கு விவரத்தை அவர்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற வாசகத்தில் கொடுத்தால் கட்டணம் குறையும். மிச்சத்தை ஒப்பந்தம் படித்துச் சொல்கிற வக்கீலுக்கு ஒதுக்குங்கள். துபாயும் சேர்ந்து கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும், அமீரகத்தில் அரசுக் கட்டணமே ஆசியாவில் அதிகமானவற்றில் ஒன்று, ஆர்டர் கையில் இல்லாமல் அங்கே போகாதீர்கள். பதிவு கைக்கு வரும் வரை பாக்கெட்டில் டிஎம் என்று மட்டும் போடுங்கள், வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான், அதுவும் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குப் போகிற பாக்கெட்டில் மட்டும். அச்சகத்தில் ஒரே பிளேட்டில் எல்லா நாட்டுக்கும் அடித்துவிடுவார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.